போன தடவை மாதிரியே

"மெனுவைக் கொடுய்யான்னா கொடேன்! நான் படிச்சா எழுத்து தேஞ்சா போயிடும்?"

"வேண்டாம்ங்கிறேன், கேட்கலையா? எல்லாம் போன்லயே சொல்லியாச்சு. தம்பி, நீங்க கையை எடுங்க!"

"முதல்தரமா ஒண்ணா உட்கார்ந்து சாப்பிடுறோம். ஒரு சிங்கி இறாலாவது நான் சொல்றேன். பொண்ணோட தாய்மாமன் நான்!"

"தாய்மாமன்னா வாய்க்கு வேலை கொடுங்க, கைக்கு வேண்டாம். எங்க ஏரியா, எங்க ஹோட்டல். நீங்க சாப்பிடத்தான் வந்திருக்கீங்க!"

ஆளுக்கொரு ஓரத்தைப் பிடித்து மெனு அட்டையை இப்படி இழுத்துக்கொண்டிருந்தவர்கள் சம்பந்தம் பேச வந்தவர்கள். இந்தப் பக்கம் பாக்சுன், டிராம் ஓட்டுகிறவர், பெண்ணுக்கு மாமன். அந்தப் பக்கம் லோ பெரியவர், மாப்பிள்ளையின் அப்பா, சுங்க இலாகாவில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். ஷாவ்கேவான் பேட்டையில் யார் யாரைச் சாப்பிடக் கூப்பிட்டாலும் இந்த இழுபறி உண்டு. இழுக்காமல் விட்டால்தான் நாளைக்குத் தெருவில் பேசுவார்கள். அட்டை கிழிந்தால் இன்னும் விசேஷம்.

அதனால் பெண்ணின் அம்மா குவாய்ஹா அந்தச் சண்டையைப் பார்க்கவில்லை. கேப்டன் பியுவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஹோட்டலுக்கு, பெயர் ஹிங் லோக், பியுதான் பல வருஷமாகக் கேப்டன். அட்டை இழுக்கிற இடத்தில் நடுவில் புகுந்து, "ரெண்டு பேரும் விடுங்க, பில்லை நானே கட்டிக்கிறேன்" என்று சிரிக்க வைக்க வேண்டியது அவன் வேலை. அவனோ கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, அவள் மடியிலிருந்த சிவப்புப் பலகாரப் பெட்டியைப் பார்த்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் மகளைப் பார்த்தான். சமையலறைக் கதவைத் திரும்பிப் பார்த்தான்.

"லோ சார், ஒரு நிமிஷம் இப்படித் தள்ளி வர்றீங்களா? ஒரு விஷயம்..."

"அப்புறம், அப்புறம்!" என்றார் பெரியவர், அட்டையை விடாமல்.

"சார், சமையல்ல ஏற்கெனவே..."

"பியு," என்றாள் பெரியவரின் மனைவி. சத்தமே இல்லாத குரல். "டீ."

பியு வாயை மூடிக்கொண்டு போய்விட்டான்.

குவாய்ஹா அன்று எதையும் கவனிக்கக் கூடாது என்று முடிவு செய்துகொண்டுதான் வீட்டிலிருந்து கிளம்பியிருந்தாள். அவள் துறைமுகத்துக்கு அந்தப் பக்கம், அக்கரைக்காரி. சட்டைத் தொழிற்சாலையில் காஜா போடுகிற வேலை, புருஷன் இல்லை, ஒரே மகள் மான்லிங். அந்த மகளுக்கு இருபத்தொன்பது முடியப் போகிறது. காஸ்வே பே கடைத்தெருவில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் ஊரார் கண்ணையெல்லாம் சோதித்துக்கொண்டிருந்தவளிடம் கண்ணாடி மாற்ற வந்தான் காம்டோங். ஒரே கண்ணாடிக்கு ஐந்தாறு தடவை வந்தான். லோ வீட்டுக்கு ஒரே பையன், குடிநீர் இலாகாவில் வேலை, பன்னிரண்டாம் மாடியில் கடலைப் பார்த்த சொந்த வீடு. இப்படி ஒருத்தன் முப்பத்தைந்து வயதுவரை எப்படி யார் கையிலும் சிக்காமல் இருந்தான் என்று பக்கத்து மிஷின்காரிகள் கேட்கத்தான் செய்தார்கள். குவாய்ஹா மிஷினை வேகமாக மிதித்தாள். அந்தச் சத்தத்தில் கேள்வி காதில் விழாது.

இன்றைக்குச் சாப்பாடு முடிந்ததும் இரண்டு வீட்டாரும் பலகாரப் பெட்டியை மாற்றிக்கொள்ள வேண்டும். மாற்றிவிட்டால் பேச்சு முடிந்தது, பெண் அவர்கள் வீட்டுப் பெண். அதுவரை பெட்டியைக் கீழே வைக்கக்கூட அவளுக்கு மனம் வரவில்லை.

டீ வந்தது. முதல் டீயைக் கொட்டிக் கிண்ணத்தையும் சாப்பிடுகிற குச்சியையும் அலசுவது எல்லாரும் செய்வதுதான். மான்லிங் தானே எழுந்து எல்லாருடையதையும் வாங்கி அலசினாள். லோ அம்மாள் தன் கிண்ணத்தை வாங்கி விளக்குக்கு நேராகப் பிடித்தாள். சின்ன உருவம், நரைத்த தலை ஒரு முடி கலையாமல் சீவியிருந்தது. கைப்பையில் சொந்தத் துண்டு ஒன்று மடித்து வைத்திருந்தாள். மேஜையில் தனக்கு முன்னால் இருந்த இடத்தை ஏற்கெனவே துடைத்து முடித்திருந்தாள்.

"இந்த விளிம்புல ஒரு சொட்டு நிக்குது பாரு."

"ஐயோ, ஆமா அத்தை." மான்லிங் சிரித்துக்கொண்டே மறுபடி அலசினாள்.

"இன்னொரு தரம்."

மூன்றாம் தரமும் அலசினாள். "எங்க மான்லிங்குக்கும் சுத்தம்னா உயிரு, சம்பந்தி" என்றாள் குவாய்ஹா பெருமையாக. பாக்சுன் அக்காவை ஓரக்கண்ணால் பார்த்தார். மகள் காலையில் குடித்த காப்பிக் கோப்பை ராத்திரிவரை கட்டிலடியில் கிடக்கிற வீடு அது.

அலசி அடுக்கும்போது ஒரு கிண்ணம் கூடுதலாக இருந்தது. மேஜையில் இருந்தவர்கள் ஆறு பேர். கிண்ணம் ஏழு, குச்சி ஏழு ஜோடி. மாப்பிள்ளைக்கு இடது பக்கத்து நாற்காலி காலி. அதன் முன்னால் தனியாக அந்தக் கிண்ணம் வைக்கப்பட்டிருந்தது.

"இன்னும் யாராவது வரணுமா?" என்று கேட்டாள் குவாய்ஹா.

"யாரும் வரலை," என்றான் காம்டோங், அவசரமாக. அதுவரை 'வாங்க அத்தை, உட்காருங்க அத்தை' தவிர அவன் பேசிய முதல் வார்த்தை அது. லோ அம்மாள் கையை நீட்டி அந்தக் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தாள். பெரியவர் மட்டும் அட்டையை ஜெயித்த சந்தோஷத்தில் ஒன்றையும் பார்க்கவில்லை.

பக்கத்து மேஜையில் மீன் மார்க்கெட் சாம் அக்கா புருஷனோடு உட்கார்ந்திருந்தாள். சாம் அக்கா வாயைத் திறக்காமல் சாப்பிடுவது என்பது ஹிங் லோக் திறந்த நாளிலிருந்து நடக்காத காரியம். அன்று நடந்தது. அவள் மட்டுமா? கண்ணாடித் தொட்டியில் மீன் பார்க்க வந்தவர்கள் மீனைப் பார்க்கவில்லை. கழிப்பறைக்குப் போகிறவர்கள் சுற்றிக்கொண்டு இந்த மேஜை வழியாகவே போனார்கள். எல்லாருடைய கண்ணும் மான்லிங் மேல் ஒரு நொடி நின்றுவிட்டு நழுவியது. பெண் அழகாக இருக்கிறாள், பார்க்கிறார்கள் என்று குவாய்ஹா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் மணப்பெண்ணைப் பார்க்கிறவர்கள் அப்புறம் சிரிப்பார்கள். இவர்கள் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள்.

முதல் பதார்த்தம் வந்தது. மடத்தில் சமைக்கிற மாதிரிச் சைவக் கலவை: காளான், சேமியா, முட்டைக்கோஸ். கல்யாணப் பேச்சுக்குப் பன்றிக்குட்டி வறுவல் செக்கச்செவேலென்று முதலில் வந்து இறங்க வேண்டாமா? சரி, இந்தப் பக்கத்து வழக்கம் போல. அடுத்து பூசணிக்காய் சூப். அப்புறம் டோஃபு.

"சாப்பிடுங்க, சாப்பிடுங்க," என்று பெரியவர் மேஜை நடுவில் இருந்த சுழல்தட்டைத் திருப்பினார். "இங்க எங்களுக்குத் தனி மரியாதை. நான் என்ன வேணும்னுகூடச் சொல்ல வேண்டாம். பதினஞ்சு வருஷப் பழக்கம்."

"நல்லா மென்மையா இருக்கு," என்றார் பாக்சுன் டோஃபுவை விழுங்கிக்கொண்டு. "பல்லு இல்லாதவங்களுக்கு ரொம்ப வசதி."

"மாமா!" என்றாள் மான்லிங்.

லோ அம்மாள் அந்தக் கேலியைக் கேட்டதாகத் தெரியவில்லை. டோஃபுத் தட்டு வந்ததிலிருந்து அவள் குச்சியைத் தொடவே இல்லை. முகம் இறுகியிருந்தது. ஆனால் பேச்சை விடவில்லை; பேச்சு நின்றால் வேறு ஏதோ வந்துவிடும் என்பதுபோல மான்லிங்கின் கையைப் பிடித்துக்கொண்டு பேசினாள்.

"வீடு பெரிசுன்னு சொல்ல மாட்டேன். ஆனா ஜன்னல் பெரிசு. மூணும் கடலைப் பார்த்தது. வர்றவங்க முதல்ல அதைத்தான் பார்ப்பாங்க. உப்புக் காத்து படிஞ்சுதுன்னா கண்ணாடி மங்கிப் போகும். புத்தாண்டுக்கு முன்னாடி உள்பக்கம் வெளிப்பக்கம் ரெண்டும் துடைச்சாகணும். எனக்கு இப்ப எட்டாது." மான்லிங்கின் முழங்கையிலிருந்து விரல் நுனிவரை தன் சாணால் அளந்தாள். "உனக்கு நல்ல நீளமான கை. உனக்கு எட்டும்."

சுழல்தட்டு நின்றது. அதைத் திருப்பிக்கொண்டிருந்தவன் காம்டோங். மாமனுக்குப் போக வேண்டிய டீ ஜாடி பாதி வழியில் நிற்க, அவன் விரல்கள் தட்டின் விளிம்பில் அப்படியே இருந்தன.

"மாப்பிள்ளை, டீ எனக்கா, காலி நாற்காலிக்கா?" என்றார் பாக்சுன்.

அவன் திடுக்கிட்டுத் திருப்பினான். ஜாடி பாக்சுனையும் தாண்டிப் போய்விட்டது.

கோழி வந்தது, வெள்ளையாக வேகவைத்தது. பிறகு வெள்ளைக் கருவில் புரட்டிய இறால். களவா மீன், முழுசாக, ஆவியில் வெந்து, தலை குவாய்ஹாவைப் பார்க்க வைக்கப்பட்டது. அந்த மரியாதை மட்டும் முறையாக நடந்தது. லோ அம்மாள் மீனின் கன்னத்துச் சதையை எடுத்து மான்லிங் கிண்ணத்தில் போட்டாள். பிறகு கீரை. கீரையைக் கொண்டுவந்தவன் பியு. வைத்துவிட்டு, "எல்லாம் வந்தாச்சு, நிதானமா சாப்பிடுங்க" என்று வழக்கமாகச் சொல்வதைச் சொல்லாமல் வேகமாக நகர்ந்தான்.

குவாய்ஹா எண்ணவில்லை. அவள் விரல் எண்ணியது. சட்டைக்கு ஏழு காஜா. இருபது வருஷமாக நாள் முழுக்க ஏழு ஏழாகத் தைத்த விரல் அது. மேஜைக்கடியில், பலகாரப் பெட்டியின் மூடிமேல், ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு தட்டுத் தட்டிக்கொண்டே வந்து, கீரை வந்ததும் நின்றுவிட்டது. சட்டை முடிந்தது. அடுத்த சட்டை.

விசேஷமென்றால் எட்டு, பணம் இருந்தால் ஒன்பது. ஏழு வைப்பது ஒன்றே ஒன்றுக்குத்தான். சுடுகாட்டிலிருந்து திரும்பி வந்தவர்கள் சாப்பிடுகிற சாப்பாட்டுக்கு. இது தெரியாத ஹோட்டலும் கிடையாது, சமையல்காரனும் கிடையாது. காளான் கலவை, டோஃபு, வெள்ளைக் கோழி, சிவப்பென்று ஒரு மிளகாய்கூடக் கிடையாது.

வந்துவிடும், இன்னொன்று வந்துவிடும் என்று சமையலறைக் கதவையே பார்த்தாள். கதவு திறந்தது. நறுக்கிய ஆரஞ்சுப் பழம் வந்தது.

"எட்டாவது எங்கே?" என்றார் பாக்சுன்.

பெரியவர் ஆரஞ்சுத் தட்டை அவர் பக்கம் திருப்பிவிட்டார்.

"ஆரஞ்சு வந்துட்டா சாப்பாடு முடிஞ்சுதுன்னு அர்த்தம். எட்டாவது எங்கேன்னு கேட்டேன்."

"சமையல்ல லேட்டாகுது போல," என்றாள் லோ அம்மாள். "பியு! இன்னொண்ணு கொண்டா. எதுவானாலும் சரி. முட்டை பொரிச்சாவது கொண்டா. சீக்கிரம்!"

"பொரிச்ச முட்டையா?" பாக்சுன் எழுந்தேவிட்டார். "என் அக்கா மகளுக்குப் பேசி முடிக்கிற சாப்பாட்டுக்குப் பொரிச்ச முட்டையா? எங்களை என்னன்னு நினைச்சீங்க? புடிக்கலைன்னா நேரா சொல்லியிருக்கலாமே! கூப்பிட்டு உட்கார வச்சு ஏழு வைக்கிறீங்களே, இங்க யாரு செத்துட்டாங்க?"

"நான் வைக்கலை! நான் ஏழுன்னு சொல்லவே இல்லை!" பெரியவருக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. அன்றைய சாப்பாட்டில் சிவப்பு என்று இருந்தது அது ஒன்றுதான். "டேய் பியு! இங்க வாடா! இத்தனை வருஷமா வர்றேன், எனக்கு இப்படி ஒரு அவமானமா? நான் போன்ல என்ன சொன்னேன்?"

பியு வந்து நின்றான். நெற்றி வேர்த்திருந்தது.

"ஒரு டேபிள், போன தடவை மாதிரியே செஞ்சிடுன்னு சொன்னீங்க சார்."

"ஆமா! சொன்னேன்! போன தடவைன்னா எது? குளிர்கால விருந்து! வாத்து இருந்துது, நண்டு இருந்துது..."

"அது முந்தின வருஷம் சார். போன வருஷக் குளிர்காலத்துக்கு நீங்க வரலை. துக்கத்துல இருந்தீங்க." பியு குரலைத் தாழ்த்தினான். தாழ்த்தி என்ன, ஹால் முழுவதும் குச்சிச் சத்தம்கூட இல்லாமல் காது கொடுத்துக்கொண்டிருந்தது. "வருஷம் திரும்புதே, அதுக்குத்தான் சொல்றீங்கன்னு நினைச்சேன். அவங்களுக்குன்னு கிண்ணம்கூட ஒண்ணு சேர்த்து வச்சேன். பெட்டியோட இவங்க வந்து உட்கார்ந்தப்பதான்... அதைத்தான் சார் தனியாச் சொல்ல வந்தேன்."

"என்ன வருஷம் திரும்புது?" என்று கேட்டாள் குவாய்ஹா.

பியு லோ அம்மாளைப் பார்த்தான். பெரியவரைப் பார்த்தான். இரண்டு பேரும் அவனுக்கு உதவவில்லை.

"போன தடவை இவங்க வந்தது... மருமகளைச் சுடுகாட்டுல விட்டுட்டு வந்த அன்னிக்கும்மா."

குவாய்ஹாவுக்கு முதலில் அது உறைக்கவில்லை. எந்த மருமகள்? இவர்களுக்கு ஒரே பையன் ஆயிற்றே. ஒரே பையன், ஒரே பையன் என்று எத்தனை தடவை தொழிற்சாலையில் சொல்லியிருப்பாள். அதை நினைத்துக்கொண்டே திரும்பிக் காம்டோங்கைப் பார்த்தாள். அவன் கவிழ்த்து வைத்த கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எந்த மருமக?" என்றாள்.

பதில் பக்கத்து மேஜையிலிருந்து வந்தது. சாம் அக்காவால் இவ்வளவு நேரம் அடக்கியதே பெரிது. "சுக்யிங்னு பேரு. நல்ல பொண்ணு. எங்கிட்டதான் மீன் வாங்குவா. புத்தாண்டுக்கு நாலு நாள் இருக்கிறப்ப ஜன்னல் துடைக்கப் போயி... பன்னெண்டாவது மாடி, கீழ எங்க மார்க்கெட் வாசல்..."

"நீ சும்மா இரு!" என்று அவள் புருஷன் கையைப் பிடித்து இழுத்தான்.

"இருக்க மாட்டேன். இந்தப் பொண்ணோட கையைச் சாண் போட்டு அளந்தாங்களே, பார்க்கலையா நீ?"

தெரு முழுவதற்கும் தெரிந்த சமாசாரம். அக்கரையில் யாருக்குத் தெரியும்? குவாய்ஹா கேட்டிருந்தால் எவரும் சொல்லியிருப்பார்கள். கேட்கத்தான் அவள் வரவில்லை.

மான்லிங் மெதுவாக, லோ அம்மாளின் பிடியிலிருந்து தன் கையை எடுத்துக்கொண்டாள். காம்டோங்கிடம் கேட்டாள். கடையில் "இந்த வரி தெரியுதா, இந்த வரி?" என்று கேட்கிற அதே குரல்.

"அப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

"வீட்லதான்."

"என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"டிவி பார்த்துக்கிட்டிருந்தேன்." அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தான். அவள் போட்டுவிட்ட கண்ணாடி. "அம்மா கூப்பிட்டுச் சொன்னாங்க, இன்னும் ஒரு தரம் துடைன்னு. அவ மறுபடி ஏறினா. எனக்குச் சத்தம்தான் கேட்டுச்சு. உங்ககிட்டச் சொல்லணும்னுதான் மான்லிங்... சொன்னா நீங்க..."

"ஒரு மூலை," என்றாள் லோ அம்மாள்.

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள்.

"ஒரு மூலையில அழுக்கு நின்னுது. வலது பக்கம், மேல. நான் சொன்னது அவ்வளவுதான். அந்த ஒரு மூலையை விட்டுட்டேன்னு சொன்னேன். இதுல என் மேல என்ன தப்பு?" அழவில்லை அவள். சொல்லிக்கொண்டே துண்டை எடுத்து, மேஜையில் சிந்தியிருந்த சோயாச் சாற்றைத் துடைத்தாள். கறை போனபிறகும் துடைத்தாள். "அப்புறம் நானே ஏணி போட்டு உள்பக்கம் இருந்து பார்த்தேன். இன்னும் அப்படியேதான் இருக்கு அந்த மூலை. ஒரு வருஷமா இருக்கு."

பெரியவர் அவள் தோளைத் தொட்டார். "போதும்."

"வர்ற பொண்ணு துடைச்சிடும்னு நினைச்சேன்," என்றாள் அவள்.

குவாய்ஹாவின் கைகள் பெட்டியை அவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தன, மூடியின் அட்டை நொறுங்கியது. இரண்டு மாதமாக மிஷினை மிதித்து அமுக்கி வைத்த கேள்வியெல்லாம் இப்போது வரிசையாக வந்து நின்றது. இந்தப் பெட்டியை வாசலிலேயே நீட்டியிருந்தால்? அதற்கும் தயாராகத்தானே வந்தாள்? பெரியவர் 'வாத்தும் நண்டும் வை' என்று போனில் ஒழுங்காகச் சொல்லியிருந்தால், இந்நேரம் இரண்டு பெட்டியும் கைமாறி, பாக்சுன் பில்லுக்காக மறுபடி சண்டை போட்டுக்கொண்டிருப்பார். நல்ல சாப்பாடு, நல்ல சம்பந்தம் என்று அவள் திரும்பிப் போயிருப்பாள். புத்தாண்டுக்கு முன்னால் மகள் ஜன்னலில் ஏறியிருப்பாள்.

"எந்திரி," என்றாள் மகளிடம்.

மான்லிங் எழுந்தாள். எழுந்தவள் நேராக வெளியே போகவில்லை. மேஜையைச் சுற்றிப் போய், கவிழ்ந்திருந்த கிண்ணத்தை நிமிர்த்தினாள். தன் கிண்ணத்திலிருந்து, தொடாமல் வைத்திருந்த மீன் கன்னத்துச் சதையை எடுத்து அதில் வைத்தாள். குச்சிகளை நேராக அருகில் வைத்தாள். காம்டோங் தலை நிமிரவில்லை. அவன் மேல் ஒரு கணம் கை வைப்பாள் போலிருந்தது. வைக்கவில்லை.

பாக்சுன் சட்டைப்பையில் கைவிட்டார். அக்கா முறைத்ததும் கையை எடுத்துக்கொண்டார். துக்கச் சாப்பாட்டுக்கு விருந்தாளி பணம் கொடுப்பது வழக்கமில்லை.

மூன்று பேரும் கதவை நோக்கி நடந்தார்கள். யாரும் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. அப்படிப்பட்ட சாப்பாட்டிலிருந்து எழுந்தால் சொல்லிக்கொள்ளக் கூடாது, திரும்பிப் பார்க்கவும் கூடாது. பாவம், லோ பெரியவருக்குத்தான் பழக்கதோஷம் விடவில்லை.

"போயிட்டு வாங்க சம்பந்தி!" என்று எழுந்து நின்று கூப்பிட்டார்.

"வாங்கன்னு சொல்லாதீங்க," என்றாள் அவர் மனைவி, மேஜையைத் துடைத்துக்கொண்டே. "சொல்லக் கூடாது."

டிராமின் மேல்தட்டில் உட்கார்ந்த பிறகுதான் மான்லிங் அழுதாள். குவாய்ஹா சமாதானம் சொல்லவில்லை. நொறுங்கிய பெட்டியைத் திறந்து வைத்தாள். "அக்கா, இதைத் தூக்கிப் போடணுமா, சாப்பிடலாமா?" என்றார் பாக்சுன். "நாம கொடுக்கலை. அதனால நம்மதுதான்" என்றாள் அவள். அழுதுகொண்டிருந்தவளும் சேர்ந்து மூன்று பேரும் பாதிப் பெட்டியைக் காலி செய்தார்கள். ஹிங் லோக்கில் யாருக்கு வயிறு நிறைந்தது?

கொஞ்ச நாள் காம்டோங் கண்ணாடிக் கடைக்கு எதிரே வந்து நின்றான் என்கிறார்கள். மான்லிங் ஒரே ஒருநாள் வெளியே வந்து பேசினாள். 'தனியாக வீடு பார்த்து வருகிறீர்களா' என்று கேட்டாளாம். அவன் அம்மாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்றானாம். அதோடு சரி.

மறு வருஷம் அவள், கடைக்கு லென்ஸ் கொண்டுவந்து போடுகிற ஒருத்தனைக் கட்டிக்கொண்டாள். அந்தச் சம்பந்தத்தில் குவாய்ஹா கேட்ட முதல் கேள்வி எத்தனையாவது மாடி என்பது. தரைத்தளம், வெளிச்சம் வராது, எதிரே சுவர் என்றார்கள். பரம திருப்தி அவளுக்கு. அந்தச் சாப்பாட்டில் பாக்சுன் ஒன்பது பதார்த்தம் சொல்லிவிட்டு, சந்தேகத்துக்குப் பொரிச்ச முட்டையும் ஒன்று சொன்னார். இப்போது அவர்கள் எல்லாருமே கனடாவுக்குப் போய்விட்டார்கள், குவாய்ஹா உட்பட. பியு இப்போது மக்காவ் நகரில் வேறு ஹோட்டலில் இருக்கிறான்; போனில் யார் எது சொன்னாலும் ஒவ்வொரு தட்டாக வாய்விட்டுத் திருப்பிச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறான் என்று பேச்சு.

காம்டோங்குக்கும் கல்யாணம் ஆயிற்று. எல்லைக்கு அந்தப்பக்கம் ஏதோ கிராமத்திலிருந்து வந்த பெண், ஊரில் ஒருத்தரையும் தெரியாது. சாப்பாட்டை ஹிங் லோக்கில் வைக்கவில்லை. நகரத்துக்குள் பெரிய ஹோட்டலில், பெரியவர் மெனு அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, எட்டும் ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னாராம். அந்தப் பெண் மார்க்கெட்டுக்கு வருவாள். உயரமானவள். சாம் அக்கா கடையில்தான் மீன் வாங்கினாள். சாம் அக்கா எடை போட்டு, மீனைச் சுற்றிக் கொடுத்து, இரண்டு தடவை வாயைத் திறந்தாள். கட்டிக்கொண்டு வந்தாயிற்று, இனிச் சொல்லி என்ன ஆகப் போகிறது என்று மூடிக்கொண்டாள்.

அந்த வருஷம் புத்தாண்டுக்கு நாலைந்து நாள் முன்னால் மார்க்கெட் வாசலில் நின்றவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். பன்னிரண்டாம் மாடியில் மூன்று ஜன்னலும் விரியத் திறந்திருந்தன. இரண்டு பளபளவென்றிருந்தன. மூன்றாவதில், வலது பக்கம் மேல் மூலையை நோக்கி, ஒரு நீளமான கை ஈரத்துணியோடு எட்டிக்கொண்டிருந்தது.